மலைக்குப் போகும் பையன்கள்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் ஜூனிலும் டிசம்பரிலும் பள்ளி விடுமுறை தொடங்கியதும், ஊருக்கு வெளியே மலைச்சரிவுகளில் புல் வேய்ந்த குடிசைகள் எழும்பும். பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் தலையை மழித்து, உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசி, கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு அங்கே தங்குவார்கள். கோசா மக்கள் இந்தச் சடங்கை உல்வலூகோ என்கிறார்கள். பேச்சுவழக்கில் ‘மலைக்குப் போவது’. சிறுவனாகப் போனவன் ஆண்மகனாகத் திரும்புவான் என்பது நம்பிக்கை. அதே வாரங்களில் அந்த மாகாணத்துச் செய்தித்தாள்களில் இன்னொரு கணக்கும் ஏறிக்கொண்டே போகும். இந்தப் பருவத்தில் இதுவரை எத்தனை பையன்கள் செத்தார்கள் என்ற கணக்கு. 1995க்குப் பிறகு மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்திருக்கிறார்கள். உயிர் பிழைத்து உறுப்பை இழந்தவர்கள் தனி.

இதைப் பற்றி வெளியிலிருந்து எழுதுபவர்களில் ஒரு சாரார் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் தொல்குடிப் பெருமை என்று கும்பிட்டு நின்றுவிடுகிறார்கள். இரண்டு பேருமே குடிசைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பையனை ஆளாக்குவதில் கைத்தொழிலுக்கும் பொறுப்புக்கும் பெரியவர்களின் வழிகாட்டுதலுக்கும் என்ன இடம் என்பதை இந்தச் சடங்கு அளவுக்குக் கூர்மையாகக் காட்டும் வேறொன்றை நான் அறியவில்லை. அது எங்கே சரிந்தது என்பதையும் இதே சடங்குதான் காட்டுகிறது.

விடியற்காலையில் ஆற்றில் குளித்துவிட்டுப் பையன்கள் வரிசையாகத் தரையில் உட்காருவார்கள். இங்சீபி எனப்படும் அறுப்பவர் கத்தியோடு ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பார். மரத்துப்போக ஊசி எதுவும் கிடையாது. முன்தோல் அறுபட்ட கணமே பையன் ‘நான் ஆண்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். முனகினாலோ முகம் சுளித்தாலோ வாழ்நாள் அவமானம். அதற்கப்புறம் இகான்காத்தா என்ற காவலாளியின் பொறுப்பில் குடிசைக்குப் போவார்கள். காயத்துக்கு மூலிகை இலை வைத்துத் தோல்வாரால் கட்டுவது, கட்டைத் தளர்த்தி மாற்றுவது, தீ அணையாமல் பார்த்துக்கொள்வது, இரவில் பையனைப் புரண்டு படுக்கவிடாமல் காப்பது எல்லாம் அவர் வேலை. முதல் வாரம் உப்பில்லாத சோளம்தான் சாப்பாடு. தண்ணீர் மிகக் குறைவு. காயம் ஆறியதும் நாட்கள் சற்று இளகும். பையன்கள் வேட்டைக்குப் போவார்கள், கம்புச் சண்டை பழகுவார்கள், பெரியவர்கள் வந்து பேசுவதைக் கேட்பார்கள். கடைசி நாள் ஆற்றில் களிமண்ணைக் கழுவுவார்கள். குடிசையையும் உள்ளே இருந்த பொருட்களையும் கொளுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். ஊரில் புதுக் கம்பளி, புதுப் பெயர், முதியவர்களின் அறிவுரை. மாதக் கணக்கில் ‘புது ஆள்’ என்று அடையாளம் தெரியும்படி உடுத்தி, தலை குனிந்து, பணிவாகப் பேச வேண்டும்.

நெல்சன் மண்டேலா தம் பதினாறாவது வயதில், 1934இல், ம்பாஷே ஆற்றங்கரையில் இந்தச் சடங்குக்கு உள்ளானார். தன்வரலாற்று நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். மற்றப் பையன்கள் சட்டென்று சொன்ன வார்த்தையைத் தாம் சற்றுத் தடுமாறிச் சொன்னதில் வெட்கப்பட்டதை மறைக்கவில்லை. முடிவில் அவருக்கு இரண்டு கிடாரிக் கன்றுகளும் நான்கு ஆடுகளும் கிடைத்தன. அதற்கு முன் அவருக்கென்று சொந்தமாக ஒன்றும் இருந்ததில்லை. அன்று வாழ்த்திப் பேசவந்த மெலிக்கிலி என்ற தலைவர், இந்தப் பிள்ளைகளுக்கு நாம் தரும் ஆண்மை வெறும் வாக்குறுதி, சொந்த நாட்டிலேயே அடிமையாக இருப்பவன் எப்படி முழு மனிதனாவான் என்று வருந்திப் பேசினார். இளம் மண்டேலாவுக்குக் கோபம் வந்தது. அந்தப் பேச்சின் பொருள் பிற்பாடுதான் விளங்கியது. ஒரு சடங்கின் மேடையில், அந்தச் சடங்கு தரும் பட்டம் போதாது என்று ஒரு மூத்தவர் துணிந்து சொல்ல முடிந்திருக்கிறது. உல்வலூகோவின் உயர்ந்த பக்கம் இது என்று நினைக்கிறேன்.

மண்டேலாவின் கதையில் பலரும் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. ஐந்து வயதிலேயே அவர் கூனு ஊர்ப் புல்வெளியில் ஆடும் கன்றும் மேய்க்கத் தொடங்கிவிட்டார். கவணால் பறவை அடித்தார், தேன் எடுத்தார், கம்புச் சண்டை கற்றார். தந்தை இறந்த பின் தெம்பு மக்களின் அரசப் பிரதிநிதியான ஜோங்கின்தாபாவின் வீட்டில் வளர்ந்து, பெரியவர்கள் வழக்குப் பேசும் கூட்டங்களின் ஓரத்தில் நின்று கேட்டார். பத்து ஆண்டுகளாகக் கையும் காலும் காதும் கற்றுக்கொண்டதற்கு மலையில் போடப்பட்ட முத்திரைதான் உல்வலூகோ. அந்தச் சில வாரங்கள் யாரையும் புதிதாக ஆளாக்கவில்லை. ஏற்கெனவே ஆளாகிக்கொண்டிருந்தவனை ஊர் அறிய ஒப்புக்கொண்டன. இன்று அந்தப் பத்து ஆண்டுகள் இல்லை. பையன் நகரத்துப் பள்ளியில் படிக்கிறான், மாடு மேய்த்ததில்லை, தந்தை வேறு ஊரில் வேலையில் இருக்கிறார், அல்லது வீட்டில் தந்தையே இல்லை. ஒரு காலத்தில் மாதக் கணக்கில் நீண்ட மலைவாசம் விடுமுறைக்குள் அடங்கும்படி மூன்று, நான்கு வாரங்களாகச் சுருங்கிவிட்டது. காயம் ஆறவே அந்த நாட்கள் சரியாகப் போய்விடுகின்றன. கல்வி கழன்று விழுந்தது, கத்தி மட்டும் மிஞ்சியது.

பையன்கள் எதனால் சாகிறார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மருத்துவமனைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணங்கள் சிலதான். கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் நின்று சதை அழுகுகிறது. தண்ணீர் குடித்தால் காயம் ஆறாது என்று நம்பித் தாகத்தோடு வைத்திருப்பதால் உடல் வறண்டு சிறுநீரகம் செயலிழக்கிறது. சுத்தமில்லாத கத்தியாலும் கட்டாலும் கிருமி இரத்தத்தில் கலக்கிறது. மலைக்குளிரில் நிமோனியா வருகிறது. அடி உதையால் இறந்தவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் நொடியில் கொல்வதில்லை. உறுப்பு கறுக்கத் தொடங்குவதும் நாற்றம் வருவதும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். சிறுநீர் குறைவதும், நாக்கு வறள்வதும், உடம்பு கொதிப்பதும், பேச்சு குழறுவதும் பக்கத்தில் படுத்திருப்பவனுக்குத் தெரியாமல் போகாது. அந்த வேளையில் கட்டைத் தளர்த்தினால், இரண்டு குவளை தண்ணீர் கொடுத்தால், வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலான பையன்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஆகவே இந்தச் சாவுகளுக்கு அறுப்பவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் சில நிமிடங்களில் வேலையை முடித்துப் போய்விடுகிறார். அடுத்த பத்து இரவுகள் காவலாளியின் கையில்.

முன்பெல்லாம் அந்தக் காவலாளியைக் குடும்பமே தேர்ந்தெடுத்தது. நல்லொழுக்கம் உள்ளவர், நிதானமானவர், காயம் பார்க்கத் தெரிந்தவர் என்று ஊரறிந்த ஒருவரிடம்தான் பிள்ளையை ஒப்படைத்தார்கள். இப்போது பல குடிசைகளில் அந்த இடத்தில் இருப்பது ஓரிரு ஆண்டுகளுக்கு முன்புதான் தானே மலைக்குப் போய்வந்த இளைஞன். கூடவே மதுவும் இருக்கிறது. ஒரு பையனை ஆளாக்க இன்னொரு பையனை அனுப்புகிறார்கள். யாருடைய ஆண்மைக்கு அங்கே சோதனை நடக்கிறது என்று கேட்டால், என் பதில் காவலாளியின் ஆண்மைக்கு என்பதுதான். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவது ஒரு நிமிட வீரம். பிறர் வலியை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொள்வதற்குத்தான் கைத்திறனும் பொறுமையும் மனசாட்சியும் வேண்டும். சடங்கு முதல் வகை வீரத்தைக் கொண்டாடுகிறது. அதன் உயிர் இருப்பதோ இரண்டாவதில்.

அதே மாகாணத்திலுள்ள ம்போண்டோ நிலத்தின் வரலாறு இதற்குச் சான்று. லுசிகிசிகி, ஃபிளாக்ஸ்டாஃப், லிபோடே பகுதிகளில்தான் சாவுகள் குவிகின்றன. ம்போண்டோ மக்களிடையே 19ஆம் நூற்றாண்டில் ஃபாக்கு அரசர் இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார். பல தலைமுறைகள் அது இல்லாமலேயே வாழ்ந்தன. பின்னர் பள்ளியிலும் சுரங்கத்திலும் கோசா இளைஞர்களோடு கலந்தபோது, ‘நீ இன்னும் பையன்தான்’ என்ற கேலி ம்போண்டோ இளைஞர்களைத் துளைத்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் சடங்கு திரும்பி வந்தது. ஆனால் அதைக் கற்றுத்தரப் பெரியவர்கள் இல்லை. அப்பாவும் தாத்தாவும் மலைக்குப் போனதே இல்லை. பெற்றோருக்குத் தெரியாமல் பதினாறு வயதுகூட நிரம்பாத பையன்கள் ஓடிப்போய், பதிவு பெறாத யாரோ ஒருவரிடம் காசு கொடுத்து உடலை ஒப்படைத்தார்கள். சங்கிலி அறுந்த இடத்தில்தான் இரத்தம் அதிகம் சிந்தியிருக்கிறது.

இதைக் கொண்டு மரபை ஆதரிப்பவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: குற்றம் போலிச் சடங்குக் குடிசைகளுடையது, மரபு சுத்தமானது. பாதி உண்மை. மீதிப் பாதியை ஏற்க முடியாது. ஏனென்றால் உதவி கேட்பதை அவமானமாக்கியது போலிகள் கண்டுபிடித்த விதி அல்ல, மரபின் விதி. மருத்துவமனைக்குப் போய்வந்தவன் ஆண்மகனாகக் கருதப்படுவதில்லை. கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடாது, சம வயதினர் அவனோடு உட்கார மாட்டார்கள். இந்த அச்சத்தில்தான் பையன் தாகத்தை விழுங்குகிறான், அழுகலை மறைக்கிறான். குடிசையில் நடப்பதைப் பெண்களிடமும் மலைக்குப் போகாதவர்களிடமும் பேசக்கூடாது என்ற கட்டுப்பாடும் மரபுடையதே. அரசர் மகனும் ஏழை மகனும் ஒரே களிமண்ணில் சமமாகப் படுக்கிற இடத்துக்கு ஓரளவு மறைவு தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெற்ற தாயைக் கிட்டே வரவிடாமல், மருத்துவரையும் எதிரியாக்கும் மறைவுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

மௌனத்தை உடைத்தவர்கள் பட்ட பாடு நீளமானது. தண்டோ ம்கோலோசானா 2009இல் எழுதிய நாவலில் சடங்கு கெட்டு மருத்துவமனைக்குப் போகும் இளைஞனே நாயகன். அவர் இணைந்து திரைக்கதை எழுத, ஜான் ட்ரெங்கோவ் இயக்கிய ‘இன்க்ஸேபா’ திரைப்படம் 2017இல் வெளியானது. அடுத்த ஆண்டு கிழக்குக் கேப்பில் எதிர்ப்பு வெடித்தது. திரைப்படத் தரச்சான்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஆபாசப்படங்களுக்குரிய தரச்சான்றுக்குத் தள்ளியது, நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ய வேண்டியிருந்தது. இதற்கிடையே 2014 டிசம்பரில் கேப் டவுனின் டைகர்பெர்க் மருத்துவமனையில், இந்தச் சடங்கில் ஆணுறுப்பை இழந்த 21 வயது இளைஞருக்கு உலகிலேயே முதன்முறையாக வெற்றிகரமான ஆணுறுப்பு மாற்று அறுவை நடந்தது. மருத்துவ உலகம் வியந்தது. அப்படி ஓர் அறுவைக்கு இந்த நாட்டில் தேவை இருந்தது என்பதே எனக்குப் பெருந்துயரமாகப் படுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமே? எச்.ஐ.வி. பரவலைத் தடுக்க அப்படி ஒரு வழி உண்டு. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகள், முன்தோல் நீக்கிய ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவதைக் காட்டின. 2007இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. ஜூலு அரசர் ஷாக்காவின் காலத்தில் வழக்கொழிந்த சடங்கைப் பிற்கால மன்னர் குட்வில் ஸ்வெலிதினி மீட்டபோது, அறுப்பதை மருத்துவர்களிடமே விட்டார். உடலுக்கு அது நல்லது. ஆனால் அரை மணி நேரத்தில் தையல் போட்டு அனுப்பும் செவிலியர், ‘இனி நீ தங்கைக்கும் ஊருக்கும் பதில் சொல்ல வேண்டியவன்’ என்று பையனிடம் சொல்லப்போவதில்லை. முன்னோர்க்கு ஆடு பலியிட்டு, நீ தனியாள் அல்ல, ஒரு குலத்தின் கண்ணி என்று உணர்த்தும் வேலையை எந்த மருத்துவமனையும் செய்யாது. மலைக்கு அந்த வேலை இருக்கிறது.

அந்த வேலையை மலையும் இப்போது ஒழுங்காகச் செய்கிறதா என்ற சங்கடமான கேள்வியும் உண்டு. ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வின்சென்ட் போன்றோர், இளைஞர்களின் பாலியல் நடத்தைக்குக் கட்டுப்பாடு கற்பித்த இடமாக இருந்தது இப்போது அதற்கு உரிமச் சீட்டு தரும் இடமாக மாறிவருவதாக எழுதியிருக்கிறார்கள். பெண்கள் மீதான வன்முறையால் தவிக்கும் ஒரு நாட்டில் இது சின்னக் குறையில்லை. குடிசையில் பெரியவர் இல்லாததன் விலையைப் பையன் மட்டும் கொடுப்பதில்லை. அவன் திரும்பிவரும் ஊரின் பெண்களும் கொடுக்கிறார்கள்.

சட்டங்கள் வந்துவிட்டன. கிழக்குக் கேப் 2001இலேயே அறுப்பவருக்கு அனுமதியும் பையனுக்கு முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையும் பெற்றோர் சம்மதமும் வேண்டும் என்றது. 2021இல் நாடு முழுவதற்குமான மரபுவழிச் சடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. காவல்துறை எல்லா மலைக்கும் போக முடியாது, போனாலும் உள்ளே இருப்பவன் வாய் திறக்க மாட்டான்.

அறுப்பதை மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ சுத்தமான கருவியால் செய்துவிட்டுப் பையனை மலைக்கு அனுப்பும் குடும்பங்கள் இப்போதே இருக்கின்றன. அவர்களை இளக்காரமாகப் பார்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும். காவலாளியாக நாற்பது வயதுக்குக் குறையாத, குடிக்காத, முதலுதவி கற்ற ஒருவரையே வைக்க வேண்டும். தந்தையோ மாமனோ சில இரவுகளாவது அங்கே படுக்க வேண்டும். ஊர் கூடி வரவேற்கும் நாளில், வலி தாங்கிய பையனின் பெயரோடு அவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவரின் பெயரையும் சொல்லிப் பாராட்ட வேண்டும். இவற்றையெல்லாம் அரசு கொஞ்சம் தூண்டலாம். ஒன்றை மட்டும் அரசால் செய்யவே முடியாது. தாகமாக இருக்கிறது என்று சொன்ன பையனை, காயம் சரியில்லை என்று மருத்துவரிடம் போன பையனை, ஆண்மகனாக ஊர்க் கூட்டத்தில் பக்கத்தில் உட்காரவைத்து முதியவர்கள் பேச வேண்டும். அந்த இடத்தை ஒதுக்கித் தரும் அதிகாரம் அவர்களிடம் மட்டுமே இருக்கிறது.