எலிகளின் பிஸ்கட் ஆலை

ஆலிவர் போஸ்ட்கேட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் பாராவிலேயே ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். நானும் நுழைந்துவிட்டு வெளியே வருகிறேன். இங்கிலாந்தில் கான்டர்பரிக்குப் பக்கத்தில் ப்ளீன் என்ற கிராமம். அங்கே ஓவியர் பீட்டர் ஃபர்மினின் பண்ணையில், மாடுகள் போய்விட்ட ஒரு கொட்டகை. இருவரும் ஸ்மால்ஃபிலிம்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, 1959 தொடங்கி எண்பதுகளின் மத்தி வரை பிரிட்டிஷ் டெலிவிஷனுக்காகக் குழந்தைகள் படங்கள் செய்தது பெரும்பாலும் அங்கேதான். முதலில் அட்டையில் வெட்டிய உருவங்கள், பிற்பாடு கம்பளியிலும் துணியிலும் பொம்மைகள். கையால் கொஞ்சம் நகர்த்துவது, ஒரு சட்டம் எடுப்பது, மறுபடி நகர்த்துவது. கேமரா பழைய 16 மி.மீ.; அதைச் சட்டம் சட்டமாக ஓட்ட, பையன்கள் விளையாடும் மெக்கானோ துண்டுகளைப் பூட்டிச் செய்த ஒரு பொறி. கதை, குரல், படப்பிடிப்பு போஸ்ட்கேட். வரைவதும் பொம்மை செய்வதும் ஃபர்மின். பின்னல் வேலை ஃபர்மினின் மனைவி ஜோன்.

இத்தனையும் உண்மைதான். இதைச் சொல்லும் தொனியில்தான் எனக்குச் சங்கடம். ஏழ்மையைப் பார்த்துக் கண் கலங்குகிற தொனி. படத்தை விட்டுவிட்டுக் கொட்டகையை ரசிக்கிற தொனி. நமக்கும் இது பழகிய வியாதி. 300 பிரதி அச்சடித்து, அதிலும் 100 கட்டிலுக்கடியில் கிடப்பதாலேயே ஒரு கவிதைக்குக் கௌரவம் வந்துவிடுகிறது என்று நம்மில் சிலர் மனசுக்குள் நம்பிக்கொண்டிருக்கிறோம். (நான் உட்பட.) சிறிய அளவில் செய்யப்பட்ட மோசமான காரியங்களுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. ஸ்மால்ஃபிலிம்ஸை அப்படித் தள்ளிவிட முடியாமல் போவது ஏன் என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. இந்தப் படங்கள் என் பால்யத்தில் இல்லை. 1999-இல் பி.பி.ஸி.யின் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் மிகப் பிடித்தது எது என்று கேட்டபோது அந்நாட்டு மக்கள் இவர்களுடைய 'பாக்பஸ்'ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வோட்டுக்கள் படத்துக்கு விழுந்தவையா, தொலைந்துபோன தங்கள் சாயங்காலங்களுக்கு விழுந்தவையா என்று பிரித்துச் சொல்வது அவர்களுக்கே கஷ்டம். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு முதன்முறையாகப் பார்த்தவன் நான். எனக்கு உருக ஒன்றுமில்லை. அப்படியும் சில இடங்களில் படத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போஸ்ட்கேட் இந்த வேலைக்கு வந்தது ஒரு எரிச்சலில். 1957-இல் அஸோஸியேட்டட் ரீடிஃப்யூஷன் என்ற தனியார் டெலிவிஷன் கம்பெனியில் மேடை நிர்வாகி உத்தியோகம். குழந்தைகள் நிகழ்ச்சிகளின் தரத்தைப் பார்த்து, இதைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியும் என்று தோன்றியிருக்கிறது. லண்டனில் ஓவியப் பள்ளி ஒன்றில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஃபர்மினைப் படம் வரையப் பிடித்தார். முதல் யத்தனம் 'அலெக்ஸாண்டர் என்ற எலி'. மேசைக்கு அடியில் காந்தத்தை இழுக்க, மேலே எலி நகரும். அதுவும் நேரடி ஒளிபரப்பு. தப்பு நடந்தால் தேசம் பூராவும் பார்க்கும், தப்பும் நடந்தது. இந்த அவஸ்தைதான் அவரை ஒற்றைச் சட்டப் படப்பிடிப்பின் பக்கம் தள்ளியது. அடுத்து எடுத்தது, ஒரு சீனச் சிறுவனையும் எருமையையும் பற்றிய கதை. காது கேளாத குழந்தைகளுக்கானது, ஆகவே ஒலியே வேண்டியதில்லை. பின்னால் குரலாலேயே அறியப்படப்போகிற ஒருவர், குரல் இல்லாத படத்தில்தான் தொழில் பழகினார் என்பது எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது.

வழக்கமான அனிமேஷன் கூடங்கள் நினைத்தும் பார்க்க முடியாத வேகத்தில் அவர்கள் வேலை செய்தார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 நிமிஷப் படம். எப்படி முடிந்தது? அசைவைக் குறைத்துக்கொண்டதால். உருவம் நிற்கும், ஒரு தலை திரும்பும், மறுபடி நிற்கும். மிச்சத்தைப் போஸ்ட்கேட்டின் குரல் பார்த்துக்கொள்ளும். குறைப்பது ஒன்றும் அவர் கண்டுபிடித்ததல்ல. அதே 1957-இல் அமெரிக்காவில் ஆரம்பமான ஹன்னா-பார்பெராவும் அசைவைக் குறைத்துத்தான் பிழைத்தது. உடம்பு அசையாமல் தலை மட்டும் அசைந்தால் போதும் என்பதற்காகப் பாத்திரங்களுக்குக் கழுத்தில் காலர் போட்டார்கள், வெட்டு தெரியாமலிருக்க. ஓடுகிறவனுக்குப் பின்னால் அதே மரமும் அதே வீடும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். கணக்குப்பிள்ளையின் சிக்கனம் அது. அந்தச் சிக்கனத்தை மறைக்க மேலே ஒரு சத்தம், ஒரு பரபரப்பு.

போஸ்ட்கேட் மறைக்கவில்லை. 'ஐவர் என்ற எஞ்சின்' (முதலில் 1959-இல் கறுப்பு வெள்ளையில், எழுபதுகளில் பி.பி.ஸி.க்காக வண்ணத்தில் மறுபடியும்) வேல்ஸ் நாட்டு மலைகளுக்கிடையில் ஓடும் ஒரு சின்ன ரயில் எஞ்சினின் கதை. எஞ்சினுக்குச் சேர்ந்திசைக் குழுவில் பாட ஆசை. அது மூச்சு வாங்கி ஓடும் சத்தம் பூராவும் போஸ்ட்கேட் வாயால் எழுப்பியது என்பது கேட்கிற யாருக்கும் தெரியும். ஒரு மனிதன் 'குச் குச்' என்கிறான். அட்டை எஞ்சின் அட்டைத் தண்டவாளத்தில் நகர்கிறது. மாமா மடியில் உட்கார்ந்து கதை கேட்கும் குழந்தை, மாமாதான் புலி மாதிரி உறுமுகிறார் என்று தெரிந்தே பயப்படுகிறதல்லவா, அந்த ஒப்பந்தம் இது.

எல்லாமே தேறிவிட்டது என்று சொல்லமாட்டேன். 'நாகின் த நாக்' தொடரின் பல பகுதிகள் படம் போட்ட புஸ்தகத்தை யாரோ வாசித்துக் காட்டுவதற்கு மேல் போவதில்லை. குரல் அங்கே படத்துக்கு உள்ளே இறங்காமல் மேலேயே மிதக்கிறது. வெர்னன் எலியட்டின் பஸூன் இசை இல்லாவிட்டால் சிலவற்றை உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் அதன் உருவங்கள் அற்புதம். பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கும், 1831-இல் லூயிஸ் தீவில் கிடைத்த பழைய சதுரங்கக் காய்களிலிருந்து பிறந்தவை அவை. ஃபர்மின் அந்த முகங்களில் வீரத்தைப் பார்க்கவில்லை, திகைப்பைத்தான் பார்த்தார். நாகின் சண்டையை விரும்பாத வட தேசத்து ராஜா. வாழ்க்கையைக் கொண்டுவந்து படைப்பின்மேல் ஒட்டுவது எனக்கு உவப்பில்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை: இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட போஸ்ட்கேட், போய் நின்று, யூனிஃபாரம் போட மறுத்தார். ராணுவ நீதிமன்றம் 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் அப்பா ரேமண்ட் முந்தைய உலகப் போரில் அதே மாதிரி மறுத்தவர். தாய்வழித் தாத்தா லேபர் கட்சித் தலைவராயிருந்த ஜார்ஜ் லான்ஸ்பரி. இந்த மனிதரின் மிருதுவில் எங்கோ ஒரு இரும்பு இருக்கிறது. அவரை இனிய தாத்தாவாக மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

'க்ளாங்கர்ஸ்' 1969 நவம்பரில் வந்தது. சந்திரனில் மனிதன் கால் வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு சின்ன வெற்றுக் கிரகம். அதன் உள்ளே, ரோஜா நிறக் கம்பளியில் பின்னிய எலி மாதிரியான ஒரு குடும்பம். வானத்திலிருந்து விழும் குப்பைக்குப் பயந்து பொந்துகளுக்கு இரும்பு மூடி. மூடும் சத்தமே அவர்கள் பெயர். அவர்கள் பேசுவதில்லை, விசிலடிக்கிறார்கள். கவிதையோடு சம்பந்தமுள்ள நாம் இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. அந்த விசில் சும்மா ஊதியதல்ல. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முழு வசனம் எழுதப்பட்டது. எழுதிய வாக்கியத்தை அதன் ஏற்ற இறக்கம் மாறாமல், கம்பியை இழுத்து ஊதும் குழலில் வாசித்தார்கள். வார்த்தை போய்விட்டது, வாக்கியம் இருக்கிறது. ஒரு கதவு சிக்கிக்கொள்ளும் இடத்தில் வசனத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருந்ததாம். பி.பி.ஸி. ஆட்சேபித்தது. விசில் தானே கேட்கும் என்றார் இவர். ஜனங்களுக்குத் தெரிந்துவிடும் என்றார்கள் அவர்கள். ஸ்தாபனம் ஒன்று தன்னையறியாமல் செய்த மிக நுட்பமான விமர்சனம் இதுதான் என்பேன். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் கூடிய ஒரு இடத்தில் வர்ணனை இல்லாமல் இதைப் போட்டுக் காட்டியபோது, அவை சுத்தமான ஜெர்மன் பேசுகின்றன என்று சிலரும், இல்லை ஸ்வீடிஷ் என்று வேறொருவரும் சொன்னதாகப் போஸ்ட்கேட் எழுதியிருக்கிறார். சொல்லை எடுத்துவிட்டால் அர்த்தம் ஆழமாகிவிடும் என்ற நப்பாசையில் வெற்றிடத்தையே எழுதுகிற நம் இளம் கவிகளுக்கு ஒரு வார்த்தை: எடுப்பதற்கு முதலில் அங்கே ஒரு வாக்கியம் இருந்திருக்க வேண்டும்.

இனி 'பாக்பஸ்'. 1974, மொத்தமே 13 பகுதிகள். எமிலி என்ற சிறுமிக்கு (ஃபர்மினின் மகளே அந்தப் பெண்) ஒரு கடை இருக்கிறது. அதில் எதையும் விற்பதில்லை. யாரோ தொலைத்த, உடைந்த பொருளை அவள் கொண்டுவந்து தொளதொளத்த ஒரு துணிப் பூனை முன்னால் வைக்கிறாள். பழுப்புப் புகைப்படமாயிருந்த கடை, பூனை விழித்ததும் வண்ணமாகிறது. மற்ற பொம்மைகளும் விழிக்கின்றன. பொருள் என்ன என்று தர்க்கம் நடக்கும், ஒரு கதை, ஒரு பாட்டு, எலிகள் ரிப்பேர் செய்யும், உரியவர் பார்க்கும்படி ஜன்னலில் வைப்பார்கள். பூனை தூங்கினால் மறுபடி பழுப்பு.

ஒரு பகுதியில் அந்தப் பொருள் ஒரு பொம்மை ஆலை. ரொட்டித் தூளையும் மொச்சை மாதிரியான ஒரு பயறையும் போட்டால் சாக்லேட் பிஸ்கட் வரும் என்கின்றன எலிகள். போடுகின்றன, சுற்றுகின்றன, முன்வாசல் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகப் பிஸ்கட் வந்துகொண்டே இருக்கிறது. யாஃபிள் என்ற மர மரங்கொத்திப் பேராசிரியருக்கு (பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் சாயல் என்பார்கள்) சந்தேகம். ஆலைக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறார். அங்கே எலிகள் அதே பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி உள்ளே விடுகின்றன. இருந்தது ஒரே ஒரு பிஸ்கட்.

இதைப் பார்த்தபோதுதான் எனக்கு இவர்களுடைய காரியம் புரிந்தது. ஒரே பொம்மையை நகர்த்தி நகர்த்தி ஆயிரக்கணக்கான படங்களாக்கி, உயிர் இருப்பதாகக் காட்டுகிற தொழிலின் ரகசியத்தை, அந்தத் தொழிலாலேயே, நாலு வயசுக் குழந்தைக்கு அவிழ்த்துக் காட்டிவிட்டார்கள். காட்டிய பிறகும் குழந்தை எலிகளை நம்புவதை நிறுத்தவில்லை. தந்திரம் தெரிந்தால் மாயை போய்விடும் என்பது ஜேப்படிக்காரனின் கவலை. ஹன்னா-பார்பெராவின் திரும்பத் திரும்ப வரும் மரத்துக்கும் இந்தப் பிஸ்கட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. கொட்டகையில் இல்லை.

இன்னொரு விஷயம், நமக்கு உவப்பாக இராது. ஸ்மால்ஃபிலிம்ஸ் சுதந்திரமான கூடம் என்கிறோம். அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது? போஸ்ட்கேட் தாமே விவரித்திருக்கிறார்: வருஷத்துக்கு ஒரு தரம் பி.பி.ஸி.க்குப் போய், செய்த படங்களைக் காட்டுவார்கள். அடுத்து என்ன என்று கேட்பார்கள், இவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் பாராட்டு, கொஞ்சம் முன்பணம், திரும்பி வந்து வேலை செய்ய வேண்டியது. நடுவில் யாரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு மாபெரும் ஸ்தாபனத்தில் இரண்டொருவர் காட்டிய மரியாதையின் நிழலில் வளர்ந்த சுதந்திரம் அது. எப்போதும் கனிவு என்றும் இல்லை. 1965-இல் 'போகிள்ஸ்' கதையின் சூனியக்காரி ரொம்பப் பயமுறுத்துகிறாள் என்று சொல்லி, சாதுவானதாக வேறு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எண்பதுகளில் அந்த மரியாதை வற்றியது. இவர்களுக்கு வேலை நின்றது. சுதந்திரக் கலைஞன் ஸ்தாபனத்தோடு மல்லுக்கட்டுகிறான் என்ற சித்திரம் எழுதுவதற்கு வசதியானது, இங்கே பொருந்தாதது. பார்க்கிறவன் கேள்வி கேட்காமல் மடியில் உட்கார்ந்த மாதிரியே வாங்குகிறவனும் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த ஒப்பந்தத்தைப் போஸ்ட்கேட்டே ஒரு தரம் மீறினார். 1974 அக்டோபர் 10, தேர்தல் நாளன்று ஒளிபரப்பான க்ளாங்கர்ஸ் விசேஷப் படம். கட்சி அரசியல் என்றால் என்ன என்று வர்ணனைக் குரல் அந்த ஜீவன்களுக்கு விளக்கப் பார்க்கிறது, அவற்றுக்குப் பிடிக்கவில்லை. அபிப்பிராயத்தில் எனக்குத் தகராறில்லை. ஆனால் அதுவரை உறுமிக்கொண்டிருந்த மாமா, சட்டென்று குழந்தையைக் கீழே இறக்கிவிட்டுப் பிரசங்கம் செய்கிறார். விசில்கள் முதன்முறையாக வெறும் விசில்களாகக் கேட்கின்றன.

கடைசிக் காலப் படங்களில் 1984-இன் 'டாட்டி' எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரூமர் காடனின் பொம்மை வீட்டு நாவல். அழகும் கர்வமும் கொண்ட ஒரு பீங்கான் பொம்மையின் உபயத்தில், செல்லுலாய்ட் பொம்மை ஒன்று தீப்பற்றிப் போய்விடுகிறது. குழந்தைகள் நேரத்தில் ஒரு சாவு. சாவு நோக்கத்தோடு நடக்க விடப்பட்டது என்பதும் சொல்லப்படுகிறது. ஆறுதல் தேடி யாரும் அவசரப்படவில்லை. 1965-இன் சூனியக்காரியை விடவா இது சாது?

போஸ்ட்கேட் 2008-இலும் ஃபர்மின் 2018-இலும் போனார்கள். க்ளாங்கர்ஸை 2015-இல் மறுபடி எடுத்தார்கள். போஸ்ட்கேட்டின் மகன் டேனியல் எழுதினார், ஃபர்மினும் கூட இருந்தார், குரல் மைக்கேல் பேலின். பின்னல் அச்சாக இருக்கிறது, விசிலும் இருக்கிறது. எனக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, இரண்டாவது முறை பார்க்கவும் தோன்றவில்லை.

1987-இல் கெண்ட் பல்கலைக்கழகம் போஸ்ட்கேட்டுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. பட்டம் தனக்கல்ல, பாக்பஸ்ஸுக்குத்தான் என்றார் அவர். அப்புறம் பட்டமளிப்பு அங்கி மாட்டி அந்தத் துணிப் பூனையைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.