டர்போ பட்டனை அமுக்கிப் பாருங்கள்

என் லேப்டாப்பால் ஆகாத ஒரு காரியத்தை, மேசையின் மறுபக்கம் இருக்கும் பழைய 486 கணினி செய்யும். தான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லும். சுவிட்சைத் தட்டியதும் எஸ்எம்பிஎஸ் காற்றாடி உறுமத் தொடங்கும். திரையில் மெமரியை டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டே போகும். ஃப்ளாப்பி டிரைவ் ஒருமுறை கனைக்கும். ஒற்றை பீப். அப்புறம் ஹார்டுடிஸ்கிலிருந்து, பக்கத்து அறையில் யாரோ முறுக்கு தின்பதுபோல ஒரு சத்தம். ஃபைல் பெரிதென்றால் நீண்ட நேரம் கேட்கும். நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். சும்மா சுழலும் வட்டம் கிடையாது, ஒப்புக்கு நகரும் கோடு கிடையாது. இந்த நேர்மைக்கு நான் அடிமை.

கேபினெட்டின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பட்டன். இதைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு இதை விளக்குவதில் இருக்கும் குஷியே தனி. பெயரைக் கேட்டால் வேகத்தைக் கூட்டுகிற பட்டன் மாதிரி இருக்கும். உண்மையான பயனோ வேகத்தைக் குறைப்பது! 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் பிராசசர் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த வேகத்தையே தாளமாக நம்பிப் பல ஆட்டங்களை எழுதிவிட்டார்கள்.  அவற்றில் ஒன்றை 66 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 486-இல் போட்டால், என்ன நடந்தது என்று தெரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். டர்போவை எடுத்துவிட்டால் ஓரளவு வழிக்கு வரும். பட்டனுக்கு மேலே 66 என்று மின்னுகிறதே ஓர் எண், அது எதையும் அளப்பதில்லை என்பது இன்னும் பெரிய வேடிக்கை. அதன் பின்பக்கம் இருக்கும் ஜம்பர்களை மாற்றிக் குத்தினால் 99 என்றுகூடக் காட்டும். அந்த நாளில் எத்தனை வீட்டு 386-கள் இப்படி 99 காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தனவோ!

டாஸ் 6.22-இல் உங்களுக்குப் பிடித்த ஆட்டம் எது என்று கேட்பார்கள். டேவும் இல்லை, பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் இல்லை. 640 கிலோபைட்டுக்குள் குடித்தனம் நடத்துவதுதான். கணினியில் எட்டு மெகாபைட் மெமரி இருந்தாலும் சாதாரண டாஸ் நிரலுக்குக் கிடைப்பது முதல் 640 கிலோபைட் மட்டுமே. டாஸ் அதற்குள்தான் உட்கார வேண்டும். மவுஸ் டிரைவரும் சிடி டிரைவுக்கான எம்எஸ்சிடெக்ஸும் அங்கேயேதான். மிச்சம் இருப்பதில் ஆட்டம். அதிலும் சில ஆட்டங்கள் 600 கிலோபைட் காலி இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே கான்ஃபிக்.சிஸ் ஃபைலைத் திற, ஹைமெம்மை ஏற்று, இஎம்எம்386-ஐ ஏற்று, டாஸை மேலே தள்ளு, டிரைவர்களை ஒவ்வொன்றாக மேலே அனுப்பு. பெரிய டிரைவரை முதலில் ஏற்றினால் அத்தனைக்கும் இடம் கிடைக்கும். சின்னதை முதலில் விட்டால் பெரியது வெளியே நிற்கும். மெம்மேக்கர் என்று ஒரு நிரலைக் கூடவே தந்திருக்கிறார்கள், அது தானாகவே கணக்குப் போட்டு அடுக்கிவிடும். நான் அதைத் தொடுவதே இல்லை. இந்தச் சுகத்தை யாருக்காவது விட்டுக்கொடுப்பார்களா? காலி இடம் 620 கிலோபைட்டைத் தாண்டிய அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். “சரி, அப்புறம்?” என்றாள் மனைவி. அப்புறம் என்ன அப்புறம், அதுதான்!

இந்தப் பித்தின் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். இது ஒரு மனிதனின் மண்டைக்குள் முழுசாக அடங்குகிற இயந்திரம். டாஸ் கிளம்ப ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ், கமாண்ட்.காம் என்று மூன்றே ஃபைல்கள் போதும். ஃப்ளாப்பியில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். மூன்று ஃபைலையும் அதில் போட்ட பிறகும் ஒரு மெகாபைட்டுக்கு மேல் மிச்சம். மைக்ரோசாஃப்ட் 2024 ஏப்ரலில் டாஸ் 4.00-இன் மூல நிரலையே பொதுவில் வைத்துவிட்டது, 1.25-உம் 2.0-உம் பத்து வருடம் முன்பே வந்தாயிற்று. அசெம்பிளி மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை நாவல் மாதிரி உட்கார்ந்து வாசிக்கலாம். என் போன் திடீரென்று சூடானால் ஏனென்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. 486-இல் சவுண்ட் பிளாஸ்டர் பேசவில்லை என்றால் சந்தேகப்பட மூன்று எண்கள்தான்: போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. ஐஆர்க்யூவை 7-இல் வைத்தால் பிரிண்டரோடு மல்லுக்கு நிற்கும். தெரிந்தவர்களுக்குள் நடக்கும் சண்டை, தீர்த்துவைக்கலாம்.

அக்கா பையன் பொறியியல் படிக்கிறான். ஒருநாள் வந்தவன், நீலத் திரையில் டர்போ சி++ 3.0-ஐப் பார்த்துவிட்டு, “மாமா, எங்க லேப்ல இதை டாஸ்பாக்ஸ்ல ஓட்டுறோம்” என்றான். 1990-களின் தொடக்கத்தில் வந்த அந்தக் கம்பைலர் நம் ஊர்க் கல்லூரிகளை விட்டு அவ்வளவு லேசில் போகவில்லை. பிஜிஐ ஃபோல்டரின் பாதையைத் தப்பில்லாமல் அடித்து ஒரு வட்டம் வரைந்தான். நிஜமான விஜிஏ கார்டு, கண்ணாடிக் குழாய் மானிட்டர். வட்டத்தைத் திரையில் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இப்போது விடுமுறை விட்டால் நேராக இங்கேதான் வருகிறான்.

விண்டோஸ் 98-க்குத் தனியாக ஒரு பென்டியம் 3 வைத்திருக்கிறேன். வேலை இல்லாத மாலைகளில் அதில் டீஃப்ராக் ஓட விடுவேன். வண்ணக் கட்டங்கள் இடம் மாறி இடம் மாறி ஒழுங்காவதைப் பார்த்துக்கொண்டே ஒரு காபி. எந்த ஓடிடியிலும் இதற்கு ஈடாக ஒன்று வரவில்லை. விண்டோஸ் 95-இன் தொடக்க இசையைக் கேட்கவே இன்னொரு பெட்டி. பிரையன் ஈனோ என்ற பெரிய இசைக்கலைஞர், சில நொடி இசைக்காக 84 துண்டுகள் செய்து பார்த்தார். போட்டியாளரான ஆப்பிளின் மேக்கில்தான் அதைச் செய்ததாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஒரு பிரசித்தமான பிழை உண்டு. மில்லிசெகண்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணி 49.7 நாளில் நிரம்பிவிடும்; கணினி உறைந்துபோகும். இது வெளியே தெரிவதற்கே சில வருடம் ஆனது. அத்தனை நாள் அணைக்காமல் ஓட்டிப் பார்த்தவர் யார்? நம் ஊர் மின்வெட்டில் அந்தப் பிழை யாரையும் தொட்டிருக்க வழியே இல்லை.

இது வெறும் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. எங்கள் பகுதியில் ஒருகாலத்தில் டிடிபி சென்டர் வைத்திருந்து, இப்போது ஃப்ளெக்ஸ் அடிக்கிற அண்ணன் ஒருவர், பை நிறைய ஃப்ளாப்பிகளோடு வந்தார். எல்லாம் பேஜ்மேக்கர் ஃபைல்கள்: கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேகம். முதல் வேலையாக ஒவ்வொன்றின் தகரக் கதவையும் ஒதுக்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். கடற்கரை ஊரின் ஈரத்துக்கு இது தப்பாது. பூஞ்சையோடு உள்ளே தள்ளினால் டிரைவின் ஹெட்டும் போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, காயவைத்து, ஒவ்வொன்றாகப் படித்தோம். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபைலைச் சும்மா திறந்துவிட முடியாது. பாமினியில் அடித்ததைப் பாமினி இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கந்தரகோளமாக இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித்தான் டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன; லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது விண்டோஸ் 2000-இல். அதற்கு முன் அடித்தவையெல்லாம் அந்தந்த எழுத்துருவை நம்பியே உயிரோடு இருக்கின்றன. பென்டியம் 3-இல் அந்த எழுத்துருக்கள் மொத்தமும் உண்டு, பேஜ்மேக்கர் 6.5-உம் உண்டு. மேலே பிள்ளையார், ஓரத்தில் மாவிலை, ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே தாய்மாமன்கள் பட்டியல்... அச்சுக்குப் போன அன்று இருந்தபடியே வந்து நின்றது பக்கம். அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “தம்பி, இந்தப் பொண்ணோட மகளுக்கே போன மாசம் நான்தான் பேனர் அடிச்சேன்” என்றார். அன்று அவர் கிளம்ப ராத்திரி ஆகிவிட்டது.

பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ரிச்சி தெருவில் தேடுவேன். அதைவிட அதிகமாகக் காயலான் கடைகளில். வாங்கி வந்ததும் 486 மதர்போர்டில் முதலில் பார்ப்பது பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியை. அது கசிந்தால் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். கசிந்ததோ இல்லையோ, வெட்டி எறிவேன். 2000-ஐ ஒட்டி வந்த போர்டுகளில் தலை உப்பிய கெபாசிட்டர்கள். ஹார்டுடிஸ்க் செத்திருந்தால் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு. அது ஐடிஇ மொழியிலேயே பேசுவதால் மலிவான அடாப்டர் போதும். (செய்வேன், ஆனால் முறுக்குச் சத்தம் போய்விடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.) கீபோர்டில் மட்டும் எதையும் மாற்றத் தேவையில்லை. நம் சென்னை டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் ‘டிவிஎஸ் கோல்டு’, செர்ரி மெக்கானிக்கல் சுவிட்சுகளோடு. வங்கியிலும் ரயில்வே கவுன்ட்டரிலும் கேட்டிருப்பீர்களே, அந்தச் சடசடப்பு! இதில் அடித்த பிறகு லேப்டாப் விசைகள்மேல் விரல் வைக்கவே பிடிப்பதில்லை.

ஓஎஸ்/2 வார்ப், பிஓஎஸ் போன்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டங்களுக்கு நிஜப் பெட்டி தேடி அலைவதில்லை. 86பாக்ஸ் என்ற எமுலேட்டரிலேயே ஓட்டிக்கொள்கிறேன், அதுவும் அருமையான சாமான். பிஓஎஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். 2000-இல் இலவசமாகவே வந்தது, அன்றைய கணினிகளில் சிட்டாகப் பறந்தது. மறு வருடமே அதைச் செய்த நிறுவனத்தின் சொத்துகள் பாம் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன. தன்னார்வலர்கள் விடவில்லை, ஹைக்கூ என்ற பெயரில் அதை மறுபடி கட்டி இன்றும் வளர்த்துவருகிறார்கள். அவர்கள் கைக்கு ஒரு தங்கக் காப்பு போடலாம்.

இப்போது என் கண்ணெல்லாம் பள்ளிக்கூட ஸ்டோர் ரூம்கள் மேல். மத்திய அரசு 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. பிறகு மொஹாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் அதையே இங்கேயும் செய்தது. பழைய மேப்புகளுக்கும் உடைந்த குளோபுக்கும் பின்னால், மேல் வரிசையில் சிவப்பு விசைகள் உள்ள தட்டையான பெட்டி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், பேரீச்சம்பழத்துக்குப் போட விடாதீர்கள். ஆசையில் சுவிட்சையும் போட்டுவிடாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் பழைய ஃபில்டர் கெபாசிட்டர் வெடித்து அறை முழுக்கப் புகையாகிவிடும். எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயர்னுமாக அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.