பதிவேடும் நீதியும்

குற்றத்திற்குத் தண்டனை வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. அத்தண்டனை எங்கே முடிவுற வேண்டும் என்பதிலேயே வழக்கு எழுகிறது. சிறார்க்குப் பாலியல் தீங்கு இழைத்தோரின் பெயர்களை ஊரறிய வெளியிட வேண்டும் என்னும் குரல் மலேசியாவில் அவ்வப்போது எழுந்து வருகிறது. பெற்றோரின் அச்சமே அக்குரலின் வேர், அது இகழத்தக்கதன்று. ஆயினும், அச்சம் கேட்கும் சட்டத்தை அறிவு நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

இந்நாட்டின் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, சிறார்க்கெதிரான குற்றங்களில் தண்டனை பெற்றோர்க்கென ஒரு பதிவேடு வகுக்கப்பட்டது. அதே ஆண்டில், மலேசியக் குழந்தைகள் பலரைச் சீரழித்த பிரிட்டிஷ் நாட்டவன் ஒருவனுக்கு லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. அச்செய்தி நாட்டை உலுக்கிற்று. 2017-இல் சிறார்க்கெதிரான பாலியல் குற்றங்களுக்கெனத் தனிச்சட்டமும் பிறந்தது. 2019 முதல், குழந்தைகளிடையே பணிபுரிய வருவோரைச் சமூகநல இலாகாவின் வழியே சரிபார்க்கலாம் என்னும் ஏற்பாடு வந்தது. இப்பதிவேடு கேட்டுச் சரிபார்த்தற்கு உரியதாக அமைந்ததே தவிர, யாவரும் புரட்டிப் பார்க்கும் ஏடாக அமையவில்லை. அக்கதவை முற்றத் திறந்துவிட வேண்டும் என்பதே வெளியீடு வேண்டுவோரின் வாதம்.

கதவைத் திறந்துவிட்ட நாடு அமெரிக்கா. மினசோட்டா மாநிலத்தில் 1989-இல் கடத்தப்பட்ட சிறுவன் ஜேக்கப் வெட்டர்லிங்கின் பெயரால் 1994-இல் பதிவுச் சட்டம் வந்தது. 1996-இல் வந்த ‘மேகன் சட்டம்’ பதிவானோர் பற்றிய செய்தியைப் பொதுமக்களுக்கு அறிவிக்கச் செய்தது. இன்று ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நாட்டுப் பதிவேடுகளில் உளர். கொடியோரோடு, சிறு வயதில் தவறியோரும் அவற்றுள் அடங்குவர். முதற் சட்டத்திற்காகப் போராடிய அச்சிறுவனின் தாய் பேட்டி வெட்டர்லிங் அம்மையாரே, அது எல்லை கடந்து விரிந்துவிட்டது, மறு ஆய்வு வேண்டும் என்று பின்னாளில் வாதாடினார். மகனைப் பறிகொடுத்த தாயின் வாயிலிருந்து வந்த அச்சொல்லைக் குற்றவாளிக்குப் பரிந்து பேசும் சொல் என்று எவரும் தள்ளிவிட இயலாது.

பதிவேட்டின் வேறொரு முகத்தைத் தமிழினம் முன்னரே கண்டதுண்டு. பிரிட்டிஷார் 1871-இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், மக்கள் வழக்கில் ‘ரேகைச் சட்டம்’ எனப்பட்டது. கைரேகை பதிந்தோர் காவல் நிலையத்திற்குச் சென்று தம் இருப்பைக் காட்ட வேண்டியிருந்தது. அதனை எதிர்த்து 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பதினாறு பேர் மாண்டனர். நாடெங்கும் அச்சட்டம் நீங்கியது 1952-இலேதான். அது பிறப்பைக் குற்றமாக்கிய சட்டம். இன்றைய பதிவேடோ நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட செயலைக் குறிப்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆயினும் ஒரு பாடம் இரண்டிற்கும் பொது: நுழைவாயில் மட்டும் இருந்து வெளிவாயில் இல்லாத ஏடு, நாளடைவில் காவலின் கருவியாக நில்லாது, இழிவின் முத்திரையாகிவிடும்.

இனிக் கோலசிலாங்கூர்ப் பக்கம் வருவோம். பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, தெனமாரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் முதலிய இடங்களின் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வாழ்க்கையின் இயல்போ இன்னும் முற்ற மாறவில்லை. ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுச் சுவரைக் கடந்துவிடும். அத்தகைய இடத்தில் ஒருவன் பெயரை வெளியிட்டால், அவன் மனைவி, மக்கள், பெற்றோர் யாவர் பெயரும் உடன் வெளியாகும். அதனினும் கொடிது ஒன்றுண்டு. சிறார்க்குத் தீங்கு செய்வோர் பெரும்பாலும் உறவினராகவோ, நன்கு அறிந்தவராகவோ இருப்பர். ஆதலின், குற்றவாளியின் பெயரைக் கண்டவுடன், பாதிக்கப்பட்ட குழந்தை இன்னாள் என்று தோட்டம் முழுதும் கண்டுகொள்ளும். இதற்கு அஞ்சும் குடும்பம் முறையிடாது வாய்மூடும். குழந்தையைக் காக்க எழுந்த சட்டமே அதன் வாயை அடைத்துவிடும்.

ஆகவே பதிவேடே வேண்டா என்பது முடிவன்று. ஆயாக் கொட்டகை, பள்ளி, டியூஷன் வகுப்பு, கோயில் சமய வகுப்பு ஆகியவற்றில் பணிக்கு வருவோரை முன்கூட்டியே சரிபார்த்தல் இன்றியமையாதது. வேண்டுவது திருத்தமே. முதலாவது, குற்றங்களைத் தரம் பிரித்தல். பதினாறு வயதிற்குட்பட்ட பெண் இசைந்தாலும் அவளைக் கூடுதல் வன்புணர்ச்சியே என்கிறது மலேசியத் தண்டனைச் சட்டம். அது தக்க காவலே. எனினும், பதினேழு வயதுக் காதலனையும், குழந்தைகளைத் தேடித் திரியும் கொடியவனையும் ஒரே வரிசையில் எழுதுவது நீதியன்று. இரண்டாவது, காலவரையும் மறு ஆய்வும். ஆயுள் முழுதும் மறு ஆய்வின்றிப் பதிவில் வைத்தல் மனித உரிமைக்கு ஒவ்வாதது என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அதன்பின், வயது வந்தோர் பதினைந்து ஆண்டுகள் கழிந்து மறு ஆய்வு வேண்டும் வழி அங்கே ஏற்பட்டது. மூன்றாவது, சரிபார்க்கும் உரிமை குழந்தைகளைப் பொறுப்பேற்கும் நிறுவனங்களுக்கு எளிதாகவும், வேடிக்கை பார்ப்போர்க்கு அரிதாகவும் இருத்தல்.

வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். குற்றத்தைத் தக்கபடி ஆராய்வதும், அது மீண்டும் நிகழாவாறு அளவறிந்து ஒறுப்பதும் வேந்தன் கடன் என்பது அவர் கருத்து. மீண்டும் நிகழாமையே அங்கே குறிக்கோள். குற்றவாளியை நாணச்செய்தல் அன்று. பதிவேடோ பிடிபட்டுத் தண்டனை பெற்றவனை மட்டுமே அறியும். இன்னும் பிடிபடாதவனை அறிந்திருப்பது குழந்தை ஒன்றே. அக்குழந்தை அச்சமின்றிச் சொல்லவும், சொன்னதை நம்பிக் கேட்கவும் ஓர் ஆசிரியர் வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அத்தகைய செவி ஒன்று திறந்திருக்குமாயின், எந்த ஏடும் தரவியலாத காவல் அங்கே கிட்டும்.