ஒற்றைக் கம்பி

சேலை மடிப்பைத் தோளில் நிறுத்தும் ஊக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாலில் கம்பி ஒரு சுற்றுச் சுற்றி வில்லாகிறது. அந்த வில் ஊசிக்காலை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளல்தான் கூர்முனையைத் தலைக்குள் அழுத்திப் பிடிக்கிறது. திறக்க நினைக்கும் விசையே பூட்டாகவும் இருக்கிறது! விரலால் உள்ளே அழுத்தினால்தான் விடும்.

1849இல் நியூயார்க்கைச் சேர்ந்த வால்ட்டர் ஹண்ட் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய ஊக்கின் தலை பெரும்பாலும் தனித்தகடு. அவர் வடிவமைப்பிலோ தலை, வில், ஊசி மூன்றும் ஒரே கம்பி. வில்லும் கொக்கியும் வைத்த உடை ஊசிகள் ரோமானியர் காலத்திலேயே உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினைந்து டாலர் கடனை அடைக்க, உரிமையை 400 டாலருக்கு விற்றாராம். 1830களில் தையல் இயந்திரம் ஒன்றையும் செய்து, அப்போது காப்புரிமை கேட்காமலே விட்டவர் அவர். பிழைக்கத் தெரியாதவர் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்த சிக்கலுக்குக் கை துறுதுறுக்கும் ஆள் அவர். கணக்குப் பார்க்க உட்கார்ந்திருந்தால் இத்தனை செய்திருப்பாரா?

ஊக்கில் ஒரு குறை மட்டும் உண்டு. வால்சுற்றில் ஷிஃபான் சேலை சிக்கினால் நூல் இழுபட்டுவிடும். அதற்கும் நம் பெண்கள் வழி வைத்திருக்கிறார்கள்: ஊசிக்காலில் முதலில் ஒரு சின்ன மணியைக் கோத்து வால்வரை தள்ளிவிட்டு, பிறகு குத்துகிறார்கள். மணியைத் தாண்டித் துணி போகாது.