கத்தரி வெருளியும் சிறுவர் கற்பனையும்

மாயவுருக்களைப் பற்றிய கதை என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவன பேயும் முனியுமேயாம். அந்தியில் வெளிச்செல்லும் பிள்ளையைத் தடுத்தற்கும், உண்ண மறுக்கும் பிள்ளையை உண்பித்தற்கும் பெரியோர் அவற்றைத் துணைக்கழைப்பர். அச்சத்தைக் கருவியாகக் கொண்ட இவ்வழக்கத்துக்கு மாறாக, அச்சுறுத்தவென்றே ஆக்கப்பட்ட ஓர் உருவைப் பிள்ளைக்குத் தோழனாக்கிய பாட்டொன்று நம் அயலிலே பிறந்தது. நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர் (1878–1953) இயற்றிய ‘கத்தரி வெருளி’யே அது.

வெருளச் செய்வது வெருளி. பெயரே அச்சத்தின்பாற் பட்டது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கொண்டு, அவற்றுள் அச்சத்தையும் மருட்கையையும் நகையையும் வெவ்வேறாக வைத்தார். புலவரோ அச்சத்துக்குரிய பொருளை எடுத்து, அதனை நகைக்கும் மருட்கைக்கும் உரியதாக மாற்றிவிடுகின்றார். இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கின்றது?

வெருளியைக் காண்போர் இருதிறத்தார். பறவை அதனை மனிதனென்றே நம்பி அஞ்சுகின்றது. பிள்ளையோ அது கந்தையும் கோலுமே என்பதை நன்கறியும். அறிந்தும் அதனைக் காவற்காரனாக விளித்து உரையாடுகின்றது. முன்னையது மயக்கம்; பின்னையது கற்பனை. பொய்யென்று தெரிந்தே விரும்பி ஏற்கும் இவ்வாற்றலன்றோ பின்னாளிற் காவியத்தையும் கூத்தையும் சுவைத்தற்கு வித்தாவது!

இமையாது, உறங்காது, கூலியும் பெறாது காவல்புரிவோன் வேறு யாவன் எனப் பாட்டு வினவுகின்றது. பிள்ளை இதனைக் கேட்டு நகைக்கும். கூலி பெற்றும் கடமையில் உறங்கும் பெரியோர்க்கோ அவ்வினா நெஞ்சிற் சுருக்கெனத் தைக்கும். ஒரே பாட்டு வீட்டாரனைவர்க்கும் விருந்தாவது இதனாலேயாம். அன்றியும், அடியின் பிற்பகுதி மீண்டும் வருதலால், ஒருவர் பாடப் பலர் வாங்கிப் பாடுதற்கும் அது இயைகின்றது.

அமெரிக்கரான பிராங்க் போம் 1900இல் வெளியிட்ட ஓஸ் மந்திரவாதிக் கதையிலும் ஒரு வெருளி உண்டு. அது கம்பத்தினின்றும் இறங்கி, மூளை வேண்டிச் சிறுமியுடன் வழிநடக்கின்றது. அங்கே மாயத்தை ஆசிரியரே செய்து முடித்துவிடுகின்றார். நவாலியின் வெருளி இறங்குவதுமில்லை, மறுமொழி கூறுவதுமில்லை. அதற்கு உயிரூட்டும் பொறுப்புப் பிள்ளையிடமே விடப்படுகின்றது. இது குறையன்று, பாட்டின் தனிச்சிறப்பு இதுவே என்பது எம் கருத்து.

இத்தகைய பாட்டை நான்கு சுவர்க்குள் அடைத்து, அருஞ்சொற்பொருள் எழுதுவித்து, ஆசிரியராகிய நாம் மனனஞ் செய்விக்கின்றோம். கற்றதனை ஒப்புவிக்கும் பிள்ளை வெருளியோடு பேச மறந்துவிடுகின்றது. பாட்டின் உயிர் விளியில் உள்ளது. விளிக்கப்படும் பொருள் கண்முன் நிற்றல் வேண்டும். சண்டிலிப்பாயிலிருந்து நவாலி நெடுந்தொலைவன்று. தோட்டமோ அதனினும் அண்மையது. மாலைவேளையிற் பெற்றோரும் பேரரும் பிள்ளைகளுடன் வரம்பிலே நின்று, பழந்துணியும் பானையுங்கொண்டு ஒரு வெருளியைக் கட்டிப் பெயரிட்டு, அதன் கதையை ஆளுக்கொரு கூறாகச் சொல்லிப் பார்ப்பாராக. பேயைக் காட்டி நாம் வீட்டினுள் அடைத்துவைத்த பிள்ளையை, அவ்வெருளி கைகாட்டி வெளியே அழைக்கும்.