பள்ளியின் பெருமையா, வீட்டின் பெருமையா?

தனியார் பள்ளிப் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிடப் பொதுவாக அதிக மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் அது பள்ளி தந்ததா, வீடு தந்ததா? கட்டணம் கட்டக்கூடிய வீட்டில் பெரும்பாலும் பெற்றோர் படித்திருப்பர். மாலையில் பாடம் சொல்லித்தர ஆளிருக்கும். 'அந்தப் பள்ளியில் சேர்த்தேன், பையன் தேறிவிட்டான்' என்னும் அண்டை வீட்டாரை நீங்களும் அறிவீர்கள். அவரிடம் என்ன சான்று இருக்கிறது?

இக்கேள்வியை முறையாகச் சோதித்தவர்கள் பொருளாதார அறிஞர்களான கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும். பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் 2008இல் தொடங்கிய அவர்களது சோதனையின் முடிவுகள் 2015இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' ஏட்டில் வெளிவந்தன.

முறை எளிது, அழகானதும்கூட. 180 கிராமங்களில் பெற்றோரிடம் விண்ணப்பம் பெற்றார்கள். பிறகு முதல் குலுக்கலில் பாதிக் கிராமங்களைத் தேர்ந்தார்கள். அக்கிராமங்களின் விண்ணப்பதாரர்களிடையே இரண்டாவது குலுக்கல். அதில் பெயர் வந்த குழந்தை தனியார் பள்ளிக்குப் போகலாம். கட்டணத்தைத் திட்டம் கொடுத்துவிடும். வீட்டு நிலையில் சராசரியாக ஒத்த இரு கூட்டங்களைச் சீட்டு மட்டுமே பிரித்ததால், பின்னர் தெரியும் வேறுபாட்டை வீட்டின் கணக்கில் எழுத முடியாது. இரண்டு குலுக்கல் எதற்கு என்கிறீர்களா? சிலர் வெளியேறிய பின் அரசுப் பள்ளியில் எஞ்சிய பிள்ளைகளுக்குக் கேடு வந்ததா என்று பார்க்க, சீட்டே வழங்காத கிராமங்களும் தேவை அல்லவா? அப்படிக் கேடு எதுவும் தென்படவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் தெலுங்கு, கணிதம், ஆங்கிலம், அறிவியல்-சமூகவியல் ஆகியவற்றில் சீட்டுப் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறுபாடு இல்லை! இந்தியில் மட்டும் பெற்றவர்கள் வெகுவாக முன்னே நின்றார்கள். அரசுப் பள்ளிகள் அவ்வகுப்புகளில் இந்தி கற்பிக்கவே இல்லை. அண்டை வீட்டாருக்கு இனி விடை சொல்லலாம்.

ஆனால் அரசுப் பள்ளியின் நண்பர்கள் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணிதத்துக்கும் குறைந்த நேரமே ஒதுக்கியும் அதே மதிப்பெண்ணை எட்டின. ஒரு மாணவருக்கு அவை செய்த செலவு அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆகவே தனியார் பள்ளிகளே செலவுக்கேற்ற பயன் தருபவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். இது நமக்குக் கசக்கும். எனினும் கணக்கு சரியானதே.

சரியானது என்றாலும், எதுவரை என்று கேட்க வேண்டும். அந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சம்பளத்திலிருந்து. தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியம் அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர்கள் இளையவர்கள், பயிற்சி குறைந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். கிராமத்தில் வேறு வேலை கிடைக்காததால் அச்சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறது என்பது என் ஊகம். சோதனையோ ஏற்கனவே நடந்துவரும் பள்ளிகளில் சில பிள்ளைகளைக் கூடுதலாகச் சேர்த்தது, அவ்வளவே. மாநிலம் முழுவதற்கும் சீட்டு வழங்கினால் எத்தனை ஆசிரியர்கள் வேண்டும்? அத்தனை பேரும் அதே கூலிக்கு வருவார்களா? வரிப்பணத்தில் மிச்சமாகும் மூன்றில் இரண்டு பங்கு அப்போதும் மிச்சமாகுமா? மதிப்பெண்ணைப் பற்றிக் குலுக்கல் சொன்ன விடை உறுதியானது. மாநிலம் தழுவிய செலவைப் பற்றி அதே உறுதியோடு அது எதுவும் சொல்லவில்லை. கொள்கை வகுப்போர் மேற்கோள் காட்ட விரும்புவதோ அந்த இரண்டாவதைத்தான்.

தமிழ்வழியில் பயிலும் உங்களுக்கு ஒரு செய்தி. தெலுங்குவழியை விட்டு ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு மாறியவர்கள் மொழியல்லாத பாடங்களில் பின்தங்கியிருக்கலாம் என்று ஆய்வு காட்டுகிறது. பயிற்றுமொழியைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை என்பதால் ஆய்வாளர்கள் இதை முடிவாக அன்றி ஒரு குறிப்பாகவே தருகிறார்கள்.