குடும்பப் பெட்டிக்குள் பெரியவர்களின் விளையாட்டு

நிண்டெண்டோவின் கன்சோலில் பெரியவர்களுக்கான கேம் போணியாகாது என்கிற பேச்சு, ஸ்விட்ச் 2 வந்த பிறகு மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. தமிழில் கேம் விமர்சனம் செய்கிற இளைஞர்களும், சொந்தமாகக் கேம் செய்ய உட்கார்ந்திருப்பவர்களும் இதைத் தீர்ந்துபோன வழக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். சான்று கேட்டால் எல்லோரும் நீட்டுவது 2009ஆம் ஆண்டைத்தான். அந்த ஆண்டை அவர்கள் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

முன்கதையை விரிக்க வேண்டியதில்லை. 1983இல் ஜப்பானில் வந்த பெட்டிக்கே ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்றுதான் பெயர். அதன் நகல்கள் தொண்ணூறுகளில் தமிழக-கேரள எல்லையோரத்து அதியன்னூர், பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்து வீடுகளுக்குள் வந்தபோது ஒரே கேசட்டில் மாரியோவும் காண்ட்ராவும் சேர்ந்தே இருந்தன. எந்திரத் துப்பாக்கியோடு இருவர் சுட்டுக்கொண்டே ஓடுவதை வீடே கூடி உட்கார்ந்து பார்த்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. 1993இல் ‘மார்ட்டல் காம்பாட்’டின் ரத்தத்தை நிண்டெண்டோ சாம்பல்நிற வியர்வையாக மாற்றியது. ரத்தத்தை விட்டுவைத்த, அன்றைய போட்டியாளர் சேகாவின் பதிப்பு அதைவிட நன்றாக விற்றது. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகத்தில் நிண்டெண்டோவே ரத்தத்தை அனுமதித்தது. 1997இன் ‘கோல்டன்ஐ’ 80 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2002இல் கனடாவின் சிலிக்கன் நைட்ஸ் செய்த ‘எடர்னல் டார்க்னெஸ்’ நிண்டெண்டோ தானே வெளியிட்ட, பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கான முதல் கேம். விற்பனையில் தோற்றாலும் மனம் பிறழ்வதை விளையாட்டின் இயக்கமாகவே மாற்றிய அபூர்வப் படைப்பு. 2005 ஜனவரியில் நிண்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

2006 நவம்பரில் நிண்டெண்டோவின் வீ வந்தது. மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. தாத்தா பாட்டிகள் கையை வீசிப் பந்து உருட்டும் விளம்பரங்களால் உலகம் அதை முதியோர் இல்லத்துப் பொழுதுபோக்காகவே நினைவு வைத்திருக்கிறது. ஆனால் பெட்டி வந்த நாளிலேயே கூடவந்த யூபிசாஃப்டின் ‘ரெட் ஸ்டீல்’, வாளும் துப்பாக்கியுமான, அரைவேக்காடான கேம், 10 லட்சத்தைத் தொட்டது. 2007இல் கேப்காம், இரண்டு ஆண்டுப் பழையதாகிவிட்ட ‘ரெசிடென்ட் ஈவில் 4’ஐயே வீக்குத் திருத்தி, அமெரிக்காவில் 30 டாலருக்கு விற்றது. ரிமோட்டால் குறிபார்க்கும் அந்தப் பதிப்பு 20 லட்சத்துக்கு மேல் போனது. அதே ஆண்டின் ‘அம்ப்ரெல்லா கிரானிக்கிள்ஸ்’ 10 லட்சத்தைக் கடந்தது. தலை சிதறும், கோடரி பாயும் கேம்கள் இவை. வாங்கியது யார்? குழந்தைகளுக்கென்று பெட்டியை வாங்கிக் கூடத்தில் வைத்த அதே பெற்றோர்கள், மூத்த அண்ணன்கள், தனியாக வாழும் இளைஞர்கள்.

பிறகு 2009. சேகா பிப்ரவரியில் ‘ஹவுஸ் ஆஃப் தி டெட்: ஓவர்கில்’லையும், மார்ச்சில் ‘மேட்வேர்ல்ட்’டையும் கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளைத் திரையில் சிவப்பு மட்டும் தெறிக்கும் மேட்வேர்ல்ட், முதல் மாதம் அமெரிக்காவில் ஏறக்குறைய 66,000 பிரதிகளோடு நின்றது. செப்டம்பர் இறுதியில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘டெட் ஸ்பேஸ்: எக்ஸ்ட்ராக்ஷன்’ வந்தது. அந்த மாதக் கணக்கில் ஏறக்குறைய 9,000. இந்த இரண்டு எண்களும்தான் இன்றுவரை ஓதப்படுகிற மந்திரம். செப்டம்பர் 29இல் வெளியான கேமுக்கு அந்த மாதக் கணக்கில் ஒரு வாரம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எண்ணைவிட முக்கியமானது சரக்கு. முந்தைய ஆண்டு பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வந்த ‘டெட் ஸ்பேஸ்’, இருண்ட விண்கலத்தில் நாமே தட்டுத் தடுமாறி நடக்கும் கேம். வீக்காரர்களுக்குக் கொடுத்தது, பாதை தானாக நகர, குறிபார்த்துச் சுடுவது மட்டுமே மிஞ்சும் ஒன்று. அதற்கும் புது கேமின் முழு விலை, 50 டாலர். கேப்காம் சிறந்த பண்டத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்து வென்றது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சுருக்கப்பட்ட பண்டத்தை முழு விலைக்குக் கொடுத்துத் தோற்றது. தோல்விக்குப் பிறகு பழி மட்டும் வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. வீயின் திறன் குறைவு, அதே கேமை அப்படியே அதில் ஓட்ட முடியாது என்பார்கள். உண்மைதான். அப்படியானால் அது பெட்டியின் வரம்பு. அதை வாங்கியவர்களின் ரசனையாக எப்படி மாறியது?

மேட்வேர்ல்ட் மீது எனக்கு இந்தக் கோபம் இல்லை. பிளாட்டினம் கேம்ஸ் அதைக் காதலோடு செய்தார்கள். ஆனால் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிற, ஒரே கொடூரத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற கேம் எந்தப் பெட்டியிலும் கோடிகளைக் குவித்திருக்காது.

அந்த ஆண்டின் உண்மையான இழப்பு வேறு. டிசம்பரில் வீக்கு முதலில் வந்த ‘சைலன்ட் ஹில்: ஷாட்டர்ட் மெமரீஸ்’. பிரிட்டனின் கிளைமாக்ஸ் நிறுவனத்தில் சாம் பார்லோ எழுதி வடிவமைத்தது. இதில் கையில் ஆயுதம் கிடையாது. பயந்தால் ஓடலாம், அவ்வளவுதான். ரிமோட் டார்ச்சாகவும் செல்போனாகவும் மாறும். அழைப்பு வந்தால் குரல் நம் உள்ளங்கையிலிருந்தே கேட்கும். இடையிடையே ஒரு மனநல மருத்துவர் நம்மிடம் கேள்வி கேட்பார். நம் பதிலுக்கேற்ப ஊரும் மனிதர்களும் மாறுவார்கள். கடைசியில், தந்தையின் மரணத்தை ஏற்க முடியாத ஒரு மகளின் மனத்துக்குள்தான் இவ்வளவு நேரம் அலைந்தோம் என்று புரிகிறது. ரத்தக் குளியலைவிட ஆழமாக உலுக்குகிற இந்தக் கேம் விற்பனைப் பட்டியல்களில் மேலே வரவில்லை. ஆண்டு முழுவதும் ரம்பத்தையும் துண்டான தலையையும் கடை முகப்பில் வைத்துவிட்டு, பெரியவர்கள் என்றால் இதுதான் என்று பழக்கிய பிறகு, இப்படியொரு கேமை யார் தேடி வாங்குவார்கள்? பார்லோ பின்னர் 2015இல் ‘ஹெர் ஸ்டோரி’யால் புகழ் பெற்றார். அதன் விதை வீயில்தான் விழுந்தது என்பதை அவரைக் கொண்டாடுகிறவர்களே மறந்துவிடுகிறார்கள்.

குடும்பம் என்று யாரைச் சொல்கிறோம் என்பதில் நம் ஊரிலும் இதே குழப்பம் உண்டு. 2011இல் தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்குப் பெற யூ சான்றிதழ் நிபந்தனையானது. ஏ சான்றிதழ்ப் படத்தைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது என்பது அதற்கு முன்பே இருந்த தடை. வரிக்காகவும் சாட்டிலைட் உரிமைக்காகவும் காட்சிகளை வெட்டிய தயாரிப்பாளர்கள், குடும்பங்கள் இதைத்தான் கேட்கின்றன என்றார்கள். குடும்பங்களை யாரும் கேட்கவேயில்லை. சட்டமும் வணிகமும் சேர்ந்து செய்த ஒன்றை மக்களின் இயல்பென்று நம்பவைப்பது இங்கேயும் நடந்திருக்கிறது.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச், வீயின் கதையைத் திருப்பிப்போட்டது. 2017 நவம்பரில் ‘டூம்’, ‘ஸ்கைரிம்’. 2019 அக்டோபரில் 32 ஜிபி கார்டில் அடைக்கப்பட்ட ‘விட்சர் 3’. படத்தின் கூர்மை குறைந்தது, கேம் முழுதாக இருந்தது. இந்தத் திருப்பத்துக்குக் காரணம் எளியது. மாலையில் கூடத்து டிவியில் பிள்ளைகள் மாரியோ கார்ட் ஓட்டிய அதே பெட்டியை இரவில் அப்பா கழற்றிக் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு பெட்டிக்கு ஒரே பார்வையாளர் என்கிற பழைய கணக்கு அங்கே உடைந்தது. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்த நாளிலேயே ‘சைபர்பங்க் 2077’உம் அதில் வந்தது. வீக்காரர்களுக்குக் கிடைக்காத மரியாதை அது: முழுக் கேம், முதல் நாளில்.

நம்மவர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். புனேயின் நோடிங் ஹெட்ஸ் குழு ‘ராஜி’யை 2020 ஆகஸ்டில் முதலில் ஸ்விட்சில்தான் வெளியிட்டது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31இல் ‘வெண்பா’வைக் கொடுத்தது, ஸ்விட்சிலும் அதே நாள். 1988இல் கனடாவில் தொடங்கும் கதை. பாதி அழிந்துபோன சமையல் குறிப்பேடு, இட்லி, புட்டு, பிரியாணி, ஆங்கிலத்திலேயே பதில் சொல்லத் தொடங்கும் மகன் கவின். இதில் ஒருவரையும் சுட வேண்டியதில்லை. ஆனாலும் பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே இவ்வளவு வலியை வைத்த கேம்கள் மிகச் சில. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம் விழாவின் பெரும் பரிசும் இதற்குக் கிடைத்தன. ஷாட்டர்ட் மெமரீஸ் திறந்து, யாரும் நுழையாமல் விட்ட கதவு வழியாக வந்தது வெண்பா. பெரியவர்களின் கேம் போகவேண்டிய திசையும் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடலாம்; அதன் வலி பெரியவர்களுக்கு மட்டும் முழுதாகத் தெரியும். குடும்பப் பெட்டியைவிடப் பொருத்தமான இடம் இதற்கு வேறில்லை.

கவினின் கதைக்குக் கனடா வரை போக வேண்டியதுமில்லை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தத் தாலுகாவின் அதியன்னூரிலும் பாறசாலையிலும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படித்து, அம்மாவுக்கு மலையாளத்திலேயே பதில் சொல்லி வளர்ந்தார்கள். வளைகுடாவில் இருக்கும் அப்பா, இரண்டு மொழிக்கும் பொதுவான புட்டு, எல்லையின் அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா. எல்லாம் கேமுக்கான பொருள். இவற்றைச் செய்ய வருகிற இளைஞர், 2009இன் பொய்க் கணக்கை நம்பிக் கணினிக்கு மட்டும் வெளியிட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. நிண்டெண்டோவின் பெட்டிக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும். சுருக்காமல், கணினிப் பதிப்பு வரும் அதே நாளில், அதே விலையில்.